செலவு செய்தவர் ஒருவர், கடன் கட்டுபவர் இன்னொருவர்

2015 பிப்ரவரி 1-ஆம் தேதி பிரிட்டிஷ் அரசு ஒரு பழைய கடனை அடைத்தது. தொகை என்னவோ சுமார் 21.8 கோடி பவுண்டுதான், அவ்வளவு பெரிய அரசுக்கு ஒரு நாள் செலவுக்குக்கூடக் காணாது. அந்தக் கடன் பத்திரங்களை 1927-ல் வெளியிட்டவர் அப்போது நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், முதல் உலகப் போர்க் கடனை மாற்றி எழுதுவதற்காக. ஆனால் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன் என்று தலைமுறை தலைமுறையாக உருட்டிக்கொண்டே வந்ததில், அதற்குள் நெப்போலியன் போர்க்காலக் கடனும் கலந்திருந்தது, 1720-ல் பங்கு விலை சரிந்து ஊரே பணத்தை இழந்த தென்கடல் கம்பெனி விவகாரத்தின் மிச்சமும் கலந்திருந்தது. அதோடு இன்னொன்று. அடிமை முறையை ஒழித்தபோது அடிமைகளுக்கு ஒரு காசும் தராமல், அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள் அல்லவா, அதற்காக 1835-ல் வாங்கிய கடனும் 2015-ல்தான் முழுதாகத் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் கருவூலமே பின்னால் சொன்னது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2014-ல் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வரி கட்டிய ஒரு இளம் பெண், அவளுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களாகக்கூட இருக்கலாம், அந்தத் தோட்ட முதலாளிகளுக்குப் போன பணத்துக்கு வட்டி கட்டியிருக்கிறாள். கடன் வாங்கியபோது அவள் பிறக்கவில்லை, அவளுடைய பாட்டியின் பாட்டி பிறந்திருந்தால் ஆச்சரியம். அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

அரசாங்கச் செலவைப் பற்றிய கன்சர்வேட்டிவ் பார்வை என்று நான் சொல்வது இந்தப் பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. தமிழில் இதைப் பழமைவாதம் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம், அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற விஷயங்கள் எல்லாம் இங்கே தேவையில்லை. நான் பேசுவது பணத்தைப் பற்றிய ஒரு குணத்தை. கையில் இருப்பதில் பாதி நமக்கு முந்தியவர்கள் சேர்த்துவைத்தது, அதை நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கேடில்லாமல் கைமாற்றிவிட வேண்டும் என்கிற குணம். 1790-ல் பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், சமூகம் என்பது உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் மூன்று தரப்புக்கும் இடையிலான கூட்டு என்று எழுதினார். மூன்று தரப்பில் ஒரு தரப்புக்குத்தான் ஓட்டு இருக்கிறது. கடன் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது அதுதான்.

சரி, முதலில் வீட்டுக் கடனுக்கு வருவோம். வீடு வாங்கும் கடனைச் சொல்லவில்லை, நம் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிற சொந்தக் கடன்.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று மொத்த பாக்கி, இன்னொன்று 'மினிமம் டியூ', அதாவது இந்த மாதம் இதையாவது கட்டிவிடு என்கிற தொகை. இரண்டாவது எண் சிறியதாக, கட்ட முடிகிற மாதிரி, ஆறுதலாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்கி ஒரு லட்சம், மாத வட்டி 2 சதவீதம், மினிமம் டியூ பாக்கியில் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 3,000 கட்டுகிறீர்கள், அதில் 2,000 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 1,000. அடுத்த மாதம் பாக்கி 99,000, கட்ட வேண்டியதும் கொஞ்சம் குறைகிறது, அசலில் கழிவதும் குறைகிறது. இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல், புதிதாக எதுவும் வாங்காமல், ஒழுங்காகக் கட்டிக்கொண்டே போனால் பாக்கி பாதியாகக் குறைய 69 மாதம் ஆகும். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் வருஷம். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது சுமார் ஒன்றரை லட்சம். இன்னும் ஐம்பதாயிரம் பாக்கி! அதே ஆள், அதே கடன், அதே வட்டிக்கு, மாதம் 5,000 என்று ஒரே தொகையைப் பிடிவாதமாகக் கட்டியிருந்தால் 26 மாதத்தில் முழுக்கடனும் முடிந்திருக்கும், மொத்தம் கட்டியது 1,29,000-ஐத் தாண்டியிருக்காது.

என் முதல் கார்டில் நான் ஒன்றரை வருஷம் அந்தச் சின்ன எண்ணைத்தான் கட்டினேன். தவறாமல் கட்டுகிறோம், அதனால் நாம் ஒழுங்கானவர்கள் என்ற நினைப்பு வேறு. ஒருநாள் உட்கார்ந்து, கடைசி ஆறு ஸ்டேட்மென்ட்டையும் வரிசையாகத் தரையில் பரப்பி, வட்டி என்று போட்டிருந்த வரிகளை மட்டும் கூட்டிப் பார்த்தேன். எதற்காக முதலில் அந்தக் கார்டைத் தேய்த்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. வாங்கிய பொருள்களில் பாதி வீட்டிலேயே இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய நான் அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறேன், இன்றைய நான் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தது.

இதனால் கடனே கூடாது என்று சொல்லவில்லை. கடனின் ஆயுளும் வாங்கிய பொருளின் ஆயுளும் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். முப்பது வருஷம் குடியிருக்கும் வீட்டுக்கு இருபது வருஷக் கடன் சரி. சம்பாத்தியத்தைக் கூட்டித்தரும் படிப்புக்குக் கடன், தொழிலுக்கு மெஷின் வாங்கக் கடன், இதெல்லாம் வருங்காலத்து ஆளிடமிருந்து வாங்கி வருங்காலத்து ஆளுக்கே கொடுப்பது. மூன்று நாள் சுற்றுலாவுக்கு மூன்று வருஷத் தவணை என்பதில் அப்படி எதுவும் இல்லை. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று நாலு தவணையாகப் பிரித்துத் தருகிற செயலிகள் இப்போது செருப்புக்கும் துணிக்கும்கூட வந்துவிட்டன. ஒவ்வொரு தவணையும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது, ஏழெட்டு ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இப்போது இதே கேள்வியை அரசாங்கத்திடம் கேட்டுப் பாருங்கள். தனி மனிதனின் கடனில் ஒரு நியாயமாவது இருக்கிறது, செலவு செய்த ஆளே என்றைக்காவது கட்ட வேண்டும். அரசாங்கக் கடனில் அந்த நியாயமும் கிடையாது. அறிவிப்பவர் ஐந்து வருஷத்தில் பதவியை விட்டுப் போய்விடுவார், முப்பது வருஷப் பத்திரத்தின் அசல் வந்து நிற்கும்போது இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை நடுத்தர வயதில் இருப்பான். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டே, அதில் ஊராராவது அக்கம்பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க முடியும்.

1986-ல் பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் புக்கனன் இதைத்தான் வாழ்நாள் முழுக்க விளக்கினார். அரசியல்வாதிகள் கெட்டவர்கள் என்பது அவருடைய வாதம் இல்லை. அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள், கண்ணெதிரே தெரியும் ஓட்டுக்கு ஏற்ப நடந்துகொள்கிறார்கள் என்பதுதான். ஒரு மானியத்தால் பயன்பெறும் ஆயிரம் பேருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை, அதற்காகத் தெருவில் இறங்குவார்கள். அதற்குப் பணம் தருகிற கோடிக்கணக்கானவர்களுக்குத் தலைக்குச் சில காசுதான், யாரும் வேலையை விட்டுவிட்டு அதற்காகப் போராட மாட்டார்கள். இப்படி ஒவ்வொரு செலவுக்கும் காவலாக ஒரு கூட்டம் நிற்கும், கஜானாவுக்குக் காவலாக யாரும் நிற்க மாட்டார்கள். வரி போட்டுச் செலவு செய்தாலாவது 'இவ்வளவு ஆகிறதா' என்று மக்கள் கேட்பார்கள். கடன் வாங்கிச் செய்தால் விலைச்சீட்டே தெரியாது. இன்னொரு பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், வரி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், அரசு எவ்வளவு செலவு செய்கிறது என்று பாருங்கள், உண்மையான வரி அதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். செலவு செய்தாகிவிட்டது என்றால் யாரோ கட்டித்தான் ஆக வேண்டும், இன்று வரியாக, நாளை கூடுதல் வரியாக, இல்லாவிட்டால் விலைவாசியாக.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அரசாங்கம் என்பது குடும்பம் இல்லையே என்பார்கள். உண்மைதான். குடும்பத் தலைவர் ஒருநாள் வேலையை விடுவார், அரசு ஓய்வு பெறுவதில்லை. அதற்கு வரி போடும் அதிகாரம் இருக்கிறது, சொந்த நாணயத்தில் கடன் வாங்கியிருந்தால் அச்சடிக்கவும் முடியும். எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் வியாபாரம் படுத்துவிடும், அப்போது அரசாவது செலவு செய்ய வேண்டும் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஜப்பானைப் பாருங்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கடன், இன்னும் திவாலாகவில்லை என்று காட்டுவார்கள்.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். கெயின்ஸ் 1937-ல் எழுதியது ஒன்று உண்டு, அரசு கையை இறுக்க வேண்டிய காலம் செழிப்புக் காலம், மந்தக் காலம் அல்ல என்று. அவர் பெயரைச் சொல்லிக் கடன் வாங்குகிறவர்கள் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். மந்தத்தில் வாங்கியதை நல்ல காலத்தில் அடைப்பது என்றால் எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. நல்ல காலம் வரும்போது 'இப்போதுதான் வருமானம் பெருகியிருக்கிறதே' என்று இன்னொரு திட்டம் வந்துவிடுகிறது. அமெரிக்க மத்திய அரசு கடைசியாக உபரி பட்ஜெட் போட்டது 1998 முதல் 2001 வரை. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல வருஷம் வந்து போய்விட்டது, ஒரு வருஷம்கூட உபரி இல்லை.

ஜப்பான் விஷயம், அங்கே கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்நாட்டவர்களே, பத்திரங்களில் ஏறக்குறைய பாதியை அவர்களுடைய மத்திய வங்கியே வைத்திருக்கிறது, வட்டி பல வருஷம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. 2024 மார்ச்சில்தான் எதிர்மறை வட்டியை, அதாவது பூஜ்யத்துக்கும் கீழான வட்டியை, விட்டு வெளியே வந்தார்கள். வட்டி ஏறத் தொடங்கிய பின் அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்பதை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், அதற்குள் அதை வெற்றிக்கதை என்று சொல்வது அவசரம்.

அச்சடிக்கலாம் என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிற வாதம். பிரிட்டனிடம் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உற்பத்தியைப் போல் இரண்டரை மடங்கு கடன் இருந்தது. சில பத்தாண்டுகளில் அது பெருமளவு கரைந்தது, பார்த்தீர்களா, கடன் தானாகக் கரையும் என்பார்கள். வளர்ச்சியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இன்னொரு காரணம் என்ன என்று அந்தக் கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் கேட்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பணம் திரட்ட விற்ற போர்க் கடன் பத்திரம் ஒன்று இருந்தது, 5 சதவீத வட்டி. 1932-ல் அரசு தேசபக்தியைச் சொல்லி, வட்டியை மூன்றரையாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னது, மிகப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அசலை எப்போது திருப்புவோம் என்று அதில் தேதி இல்லை. 1975-ல் பிரிட்டனில் விலைவாசி ஏற்றம் 24 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் அந்த 100 பவுண்டு பத்திரத்தைச் சந்தையில் விற்கப் போனால் கால் பங்குகூடத் தேறாது, கிடைக்கும் அந்தக் கால் பங்குக்கும் பழைய மதிப்பு இல்லை. நாடு கூப்பிட்டபோது சேமிப்பைக் கொடுத்தவர், வட்டியைக் குறைத்தபோது சரி என்றவர், கடைசியில் அந்தக் கடனை அடைத்ததும் அவர்தான். இதே பிரிட்டன் நெப்போலியன் போருக்குப் பின் உற்பத்தியைப் போல் இரண்டு மடங்கு கடனோடுதான் இருந்தது, ஒரு நூற்றாண்டு உபரி பட்ஜெட், வளர்ச்சி, பெரும்பாலும் அமைதி என்று நகர்ந்து 1914-க்குள் அதை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது, நாணயத்தின் மதிப்பைக் கெடுக்காமல். அந்தக் காலத்தில் பல முறை நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன், நாட்டுக்காக மெழுகுவத்தித் துண்டையும் மிச்சம் பிடிக்காதவர் நிதியமைச்சர் பதவிக்கு லாயக்கில்லை என்று 1879-ல் மேடையிலேயே பேசினார். மெழுகுவத்தித் துண்டில் கஜானா நிரம்பாது என்று அவருக்கும் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்தப் பழக்கத்தைத்தான் அவர் சொன்னார்.

இன்னொரு பக்கம் வட்டி. அமெரிக்க மத்திய அரசின் கடன் முதல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட 1981 வரை ஆனது, அதாவது இருநூறு வருஷத்துக்கு அருகில், உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர் எல்லாம் சேர்த்து. 2008-ல் 10 லட்சம் கோடி, 2017-ல் 20, 2022 தொடக்கத்தில் 30, 2024 கடைசியில் 36. 2024 நிதியாண்டில் நிகர வட்டி மட்டும் சுமார் 88,000 கோடி டாலர், உலகிலேயே பெரிய அந்த ராணுவத்துக்கு ஆன செலவைத் தாண்டிவிட்டது. இந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் வராது, ஒரு ஆஸ்பத்திரி வராது, ஒரு போர்வீரனுக்குச் சம்பளமும் வராது. மினிமம் டியூ கட்டுகிற ஆளின் 2,000 ரூபாய் எங்கே போனதோ அதே இடத்துக்குத்தான் இதுவும் போகிறது. ஏழைகளுக்கான திட்டங்களில் அக்கறை உள்ளவர்கள் இதில்தான் முதலில் கவலைப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வட்டியை நிறுத்த முடியாது, திட்டத்தை நிறுத்தலாம், நெருக்கடி வந்தால் எது முதலில் வெட்டுப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் கன்சர்வேட்டிவ் ஆட்கள் சுத்தம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அமெரிக்க அதிபர் ரேகன் காலத்தில் வரியைக் குறைத்தார்கள், ராணுவச் செலவைக் கூட்டினார்கள், மற்றதை வெட்டுவோம் என்றது பெரிதாக நடக்கவில்லை, எட்டு வருஷத்தில் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. 2022 செப்டம்பர் 23-ல் பிரிட்டனில் பிரதமர் லிஸ் டிரஸின் அரசு 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தது, பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கே இல்லாமல். ஐந்தே நாளில் அரசுக் கடன் பத்திரச் சந்தையை நிலைநிறுத்த மத்திய வங்கி உள்ளே இறங்க வேண்டியதாயிற்று, அக்டோபர் 20-ல் அவர் ராஜினாமாவை அறிவித்தார். செலவைக் குறைக்காமல் வரியைக் குறைப்பது வரிக்குறைப்பே இல்லை, வரியைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றி எழுதுவது. கன்சர்வேட்டிவ் என்ற பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு இதைச் செய்தவர்கள் அந்தப் பெயருக்கே கெடுதல் செய்தார்கள்.

அந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அரசு செய்த தவறுக்கு முதல் பில் போனது வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு. இரண்டு வருஷ நிலையான வட்டிக் கடன் சில வாரங்களில் 6 சதவீதத்தைத் தாண்டியது. அரசாங்கக் கடன் வேறு, நம் கடன் வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் தவணைச் சீட்டில் பட்ஜெட்டைப் படித்தார்கள்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும், அதற்கு அயர்லாந்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2007-ல் அயர்லாந்து அரசின் கடன் உற்பத்தியில் கால் பங்குதான், பட்ஜெட்டும் ஒழுங்காக இருந்தது, ஐரோப்பாவே மெச்சியது. ஆனால் மக்களும் கட்டுமானக்காரர்களும் மனை விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கழுத்தளவு கடன் வாங்கியிருந்தார்கள், வங்கிகள் வெளியிலிருந்து கடன் வாங்கி அவர்களுக்குக் கொடுத்தன, அரசோ வீடு விற்பனையில் வந்த வரியை நிரந்தர வருமானம் என்று நினைத்து அதை நம்பிச் செலவுகளைக் கூட்டியிருந்தது. 2008 செப்டம்பர் கடைசியில் ஒரே இரவுப் பேச்சில் வங்கிகளின் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2010-ல் பற்றாக்குறை உற்பத்தியில் 32 சதவீதம். 2012-ல் அரசின் கடன் உற்பத்தியையே தாண்டி 120 சதவீதத்தை எட்டியது. தனியார் கடன் எல்லை மீறினால் அது ஒருநாள் இரவில் பொதுக் கடனாகிவிடும். ஒரு வீட்டையும் வாங்காமல், வாடகைக்கு இருந்து, சேமித்துக்கொண்டிருந்த ஐரிஷ்காரரும் சேர்ந்துதான் கட்டினார்.

கடனைத் தாமதமாகக் கவனித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிரீஸ். 2009-ல் ஆட்சி மாறிய பிறகுதான் பற்றாக்குறை சொன்னதைப் போல் பல மடங்கு என்று வெளியே வந்தது, கடைசிக் கணக்கில் 15 சதவீதத்தைத் தாண்டியது. 2010-ல் 11,000 கோடி யூரோ உதவி, அதற்குப் பின் இன்னும் இரண்டு முறை, நடுவில் ஓய்வூதியம் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டது, 2013-ல் வேலை தேடுவோரில் நாலில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. 2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடினார்கள், ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். கார்டே வைத்திருக்காத முதியவர்களுக்காக ஜூலை 1-ஆம் தேதி சில கிளைகளை மட்டும் திறந்து 120 யூரோ வரை கொடுத்தார்கள். விடிவதற்கு முன்பே வந்து, கதவுக்கு வெளியே ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்ற கிழவர்களின் படங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்கள் யாரும் அரசைக் கடன் பத்திரம் விற்கச் சொல்லவில்லை. சிக்கனத் திட்டம் கொடூரமானது என்று சொல்வார்கள், ஆம், அந்தக் கட்டத்தில் கொடூரம்தான், ஏனென்றால் எதை வெட்டுவது, யாரை விட்டுவைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது.

ஸ்வீடனும் 1990-களில் இதே பள்ளத்தின் விளிம்பில் நின்றது. 1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது (எழுத்துப்பிழை இல்லை), 1993-ல் பற்றாக்குறை 10 சதவீதத்தைத் தாண்டியது. 1994-ல் நிதியமைச்சரான யோரன் பெர்ஷோன் கன்சர்வேட்டிவே கிடையாது, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 'கடன்பட்டவன் சுதந்திரமானவன் அல்ல' என்பது அவர் சொல்லி நிலைத்த வாசகம். தங்கள் கட்சி உயிராக மதித்த உதவித்தொகைகளைத் தாங்களே வெட்டினார்கள், வரியையும் கூட்டினார்கள், 1998-ல் பட்ஜெட் உபரிக்கு வந்தது. அப்புறம் உபரியையே இலக்காக வைத்து விதி போட்டார்கள். 1990-களின் நடுவில் உற்பத்தியில் 70 சதவீதத்தை ஒட்டி இருந்த கடன் 2019-ல் அதில் பாதி. இன்றும் அது தாராளமான நலத்திட்டங்கள் உள்ள நாடுதான். பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாது, ஆனால் அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே கட்டுகிறார்கள்.

இதைப் பற்றியெல்லாம் அமெரிக்காவின் ஆரம்பக் காலத்திலேயே ஒரு விவாதம் நடந்திருக்கிறது. 1789 செப்டம்பரில் பாரிஸிலிருந்து, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன், அவருக்குப் பின் அதிபரான மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்கே சொந்தம், ஒரு தலைமுறை வாங்கிய கடன் அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று சொல்லி, இறப்பு விகிதக் கணக்கெல்லாம் போட்டு, எந்தப் பொதுக் கடனும் 19 வருஷத்துக்கு மேல் செல்லக்கூடாது என்று முடித்தார். மேடிசன் மறுத்தார். சில கடன்கள் பின்னால் வருகிறவர்களின் நன்மைக்காகவே வாங்கப்படுகின்றன, விடுதலைப் போருக்கு வாங்கிய கடன் மாதிரி, அதன் பலனை அனுபவிப்பவர்கள் பங்கு கட்டுவதில் அநியாயம் இல்லை என்றார். நான் ஜெஃபர்சனின் கோபத்தை வைத்துக்கொண்டு மேடிசனின் கணக்கை எடுத்துக்கொள்வேன். ஐம்பது வருஷம் நிற்கிற அணைக்குக் கடன் வாங்கலாம், இந்த மாதச் சம்பளத்துக்கும் மானியத்துக்கும் வாங்கக் கூடாது.

இதைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடுகள் உண்டு. சுவிட்சர்லாந்து மக்கள் 2001-ல் வாக்கெடுப்பில் 85 சதவீதத்துக்கு அருகில் ஆதரித்துக் கடனுக்குத் தடுப்பு போட்டார்கள், நல்ல காலத்து உபரியும் மந்த காலத்துப் பற்றாக்குறையும் காலப்போக்கில் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. ஜெர்மனி 2009-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது, மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (மந்தம், செழிப்பு என்ற ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும் பற்றாக்குறை) உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று. அதே ஜெர்மனியில் 2025 மார்ச்சில், அந்த விதியைக் காப்போம் என்று சொல்லித் தேர்தலில் நின்ற கன்சர்வேட்டிவ் கட்சியே முன்னின்று அதைத் தளர்த்தியது. ராணுவச் செலவில் உற்பத்தியின் 1 சதவீதத்துக்கு மேல் போவதற்கு விலக்கு, கூடவே சாலை, பாலம், ரயில் என்று 12 வருஷத்துக்கு 50,000 கோடி யூரோ தனிக் கடன் நிதி. அக்கம்பக்கத்தில் போர் நடக்கும்போது ராணுவத்துக்கு விலக்கு கேட்டதை என்னால் ஏற்க முடிகிறது, போர்க் காலத்துக்குத்தானே கடன் வாங்கும் சக்தியையே சேர்த்து வைக்கிறோம். இரண்டாவதுதான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

ஏனென்றால் அந்தப் பாலங்கள் உண்மையிலேயே பழுதாகிக் கிடந்தன. லூடன்ஷைட் ஊர் அருகே ஏ45 நெடுஞ்சாலையில் ராமெடே பாலம் என்று ஒன்று, 1960-களில் கட்டியது. 2021 டிசம்பரில் சோதித்துப் பார்த்து, இனி ஒரு வண்டிகூட இதன்மேல் போகக்கூடாது என்று ஒரேயடியாக மூடினார்கள், 2023 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நெடுஞ்சாலையில் போக வேண்டிய லாரிகள் எல்லாம் இரவும் பகலும் அந்தச் சின்ன ஊரின் தெருக்களுக்குள் வருஷக்கணக்கில் ஓடின. கடன் வாங்காமல் பட்ஜெட்டைச் சமன் செய்த வருஷங்களிலும் அந்தப் பாலத்தின் எஃகு தேய்ந்துகொண்டுதான் இருந்தது, அது எந்தப் பற்றாக்குறைக் கணக்கிலும் வரவில்லை.

என் கார்டு பாக்கியை அடைத்த அந்த இரண்டு வருஷமும் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லில் வலி இருந்தது. கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன், மாதா மாதம் குறைகிற பாக்கியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கடைசியில் ஒரு பல்லில் முடிய வேண்டியது மூன்று பல்லானது, மிச்சம் பிடித்த வட்டியில் பெரும்பகுதி அதற்கே போனது.

செலவு செய்யாமல் விட்டதும் அடுத்தவர் தலையில் வைத்த கடனாக இருக்கலாம், நாங்கள் இதைப் போதுமான அளவு பேசுவதில்லை. நியூசிலாந்து 1989-ல் போட்ட சட்டத்தின்படி அரசின் கணக்கை ஒரு கம்பெனி கணக்கு மாதிரி எழுதுகிறார்கள், வாங்கிய கடன் ஒரு பக்கம், சாலையும் கட்டடமும் அந்த வருஷம் எவ்வளவு தேய்ந்தன என்பது செலவுக் கணக்கில். பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் தேய்மானம் அப்படியே கணக்கில் நிற்கும், அதை மிச்சம் என்று காட்ட முடியாது. அந்த நாடு 1994-லிருந்து 2008 வரை தொடர்ந்து உபரி பட்ஜெட் போட்டதும் அந்த மாதிரி ஏடுகளை வைத்துக்கொண்டுதான்.